பை மட்டும் ஏறிய கப்பல்

எங்கள் மலையூர் நாகலூரில் காலை பஸ்ஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பையைப் போட்டுவிட்டால் ஆளே ஏறிவிட்ட மாதிரி. அப்புறம் நிதானமாக டீ குடிக்கலாம். "ஏனுங்க, இது ஆரு பைங்க?" என்று கண்டக்டர் கத்துவார், டிரைவர் ஹாரன் அடிப்பார், நாம் வாயைத் துடைத்துக்கொண்டு ஏறுவோம். ஐம்பது வருடம் இப்படி வளர்ந்தவன் ஸ்காட்லாந்துக்குத் தனியாகப் போயிருக்கக் கூடாது.

போகாமல் இருக்கவும் முடியவில்லை. அங்கே ஒரு தீவில், ஓட்டல் சமையலறையில் என் மகளுக்கு வேலை. நாலாவது மாதத்தில் கரு கலைந்துவிட்டது. மருமகன் சரக்குக் கப்பலில் எங்கேயோ நடுக்கடலில். எனக்கு விசா கிடைப்பதற்குள் ஒரு மாதம் ஓடியது. அந்த ஒரு மாதமும் போனில் அவள் பேசியது "ம்", "சாப்பிட்டேனுங்கப்பா", இவ்வளவுதான். வேலைக்குப் போகவில்லை, வாசல் தாண்டவில்லை, அழவும் இல்லை. வருகிறேன் என்றதற்கு, "டாக்ஸி புடிச்சு ஊட்டுக்கு வந்துருங்க, நானு வெளிய வர்ல" என்றாள்.

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம், பெங்களூர், இரண்டு விமானம், கிளாஸ்கோ, ஒரு ரயில், ஒரு பஸ். எல்லாம் நேரத்துக்கு வந்தன. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

தீவுக்குக் கப்பல் புறப்படும் துறையில் பயணிகளின் பெட்டிகளுக்கென்று ஒரு தள்ளுவண்டி நின்றது. அப்படியே கப்பலுக்குள் தள்ளிக்கொண்டு போவார்களாம். ராகி மாவும் பருப்புப் பொடியும் நிறைந்த பையை, மகளின் போன் நம்பர் எழுதிய அட்டையோடு அதில் வைத்தேன். பை ஏறிவிட்டதே! டீ குடிக்கப் போனேன்.

கப்பல் ஊதியது. பாசமாகக் கூப்பிடுகிறது என்று நினைத்து இன்னொரு வாய் குடித்தேன்.

வந்து பார்த்தால் கேட் பூட்டியிருந்தது. மஞ்சள் சட்டை போட்ட துறை ஊழியர் கடிகாரத்தைக் காட்டினார். எஸ்டேட் வளைவில் பஸ்ஸை மறிப்பதுபோல் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, "நிறுத்துங்க, பை உள்ள இருக்குதுங்க!" என்று கடலைப் பார்த்துத் தமிழில் கத்தினேன். கப்பலுக்கு பிரேக் பிடிக்கும் உத்தேசமே இல்லை. அன்று சனிக்கிழமை, அதுதான் கடைசிக் கப்பல். ஞாயிறன்று கப்பல் கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு மாதமாக வாய் திறக்காத பெண்ணுக்கும் எனக்கும் நடுவே தண்ணீர் மட்டும் கிடந்தது. புத்தகம் புத்தகமாக உலக இலக்கியம் படித்த என் மூளைக்கு ஒரு வழியும் தோன்றவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்துப் போன் அடித்தது.

"அப்பா! கப்பல்காரங்க கூப்புட்டாங்க. பை வந்திருக்குது, ஆளக் காணோம்னாங்க. உங்களுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு செருப்புகூடப் போடாம துறைக்கு ஓடியாந்தேன். எங்கிருக்கறீங்க?"

"கரையில, கண்ணு."

"எந்தக் கரையில?"

"இந்தப் பக்கம்."



"டீ குடிக்கப் போனீங்களா?"

"ம்."

"ஏனுங்கப்பா, இதென்ன நாகலூர் பஸ்ஸுங்களா?" என்றாள். அப்படியே குரல் உடைந்து அழத் தொடங்கினாள். ஒரு மாத அழுகை.

"குளுருது சாமி, ஊட்டுக்குப் போ."

"போமாட்டேன். நீங்க போனை வெச்சறாதீங்க."

திங்கட்கிழமை பலத்த காற்று, கப்பல் ஓடுவது சந்தேகம் என்று எதிர்ப் பலகையில் போட்டிருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. வைக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். போனில் சார்ஜ் ஏழு சதவீதம் இருந்தது. சார்ஜர் பையில்.