அமைதியாக ஓய்வெடுக்கிறார்

இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. பேயைப் பார்த்தேன் என்று சொல்பவர்களை எங்கள் ஊர் வாரப் பத்திரிகையில் இருபத்தாறு வருடம் கிண்டலடித்தவன் நான். மேயர் ரிப்பன் வெட்டித் திறந்த குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதுவதும், 'திரளான கூட்டம்' என்று சொன்ன விழாவுக்குப் போய்த் தலைகளை எண்ணி, மொத்தம் முப்பத்தெட்டு என்று எழுதுவதும்தான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவன் ஐம்பத்து நான்கு வயதில் வந்து இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள். தேதியும் மணியும் குறித்து வைத்திருக்கிறேன். என்னைவிடத் துல்லியமாக வேறொருவர் குறித்து வைத்திருந்தார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் மாமனார் ஆர்லோ முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஜனவரி ஒன்பதாம் தேதி வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்தார். அதுவரை ஒரு மாத்திரை விழுங்கியதில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தால் நுரையீரல், முதுகெலும்பு, இடுப்பு, எங்கும் புற்று. ஐந்து வாரம், மிஞ்சினால் ஆறு என்றார்கள். அவரை எங்கே கொண்டுபோகிறோம் என்பதைப் பதினேழாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் சொல்லிவிட வேண்டும் என்றார்கள்.

ஒஹாயோவில் எங்கள் மூலைக்குப் பக்கமாக அப்படி ஓர் இடம்தான் இருந்தது. சாகப்போகிறவர்களை வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் இல்லம். உண்மைப் பெயர் வேண்டாம். 'பொன்னந்தி இல்லம்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"போய்ப் பாத்துட்டு வா மாப்ளே," என்றார் ஆர்லோ. "ஊர்ல உள்ளவனையெல்லாம் நொட்டை சொல்லுவியே. எனக்காக ஒரு தடவ ஒழுங்கா நொட்டை சொல்லு."

"என்ன பாக்கணும் மாமா?"

"வலிக்குதுன்னு கூப்பிட்டா எவனாவது வர்றானான்னு பாரு. அவ்ளோதான். சுவத்துக்கு என்ன பெயின்ட்டுன்னு பாத்துட்டு வராத."

பக்கத்து வீட்டு பெர்னி, ஓய்வு பெற்ற நர்ஸ். பொன்னந்தியின் வழவழப்பான விளம்பரப் புத்தகத்தைக் காட்டினேன். திறக்காமலே திருப்பித் தந்தார்.

"இத வெச்சு விசிறிக்கோ. அங்க போய் மூணு பாரு. நகம், வாய், நேரம்."

"புரியல பெர்னி."

"நகம் வளந்து அழுக்கா இருந்தா குளிப்பாட்டறதில்ல. வாய் காஞ்சிருந்தா பக்கத்துலயே போறதில்ல. சாகற நேரத்துல வாயத் தொறந்து தண்ணி கேக்க முடியாது. நாமதான் பஞ்சுக் குச்சிய நனைச்சு நனைச்சு வைக்கணும்."

"நேரம்?"

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு தாள் தொங்கும். ரெண்டு மணிக்கொரு தடவ வந்து பாத்து, பாத்த நேரத்த எழுதணும். தாளையும் உன் கைக்கடிகாரத்தையும் சேத்துப் பாரு. பொய்யி அங்கதான் மாட்டும்."

பதினேழாம் தேதி. பிற்பகல் 3:50. காரை நிறுத்தியபோதே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது.

கதவைத் திறந்ததும் லாவண்டர் வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாடை. செத்த எலியின் மேல் பவுடர் போட்டது மாதிரி. மூக்கைப் பிடிக்க முடியாது, ஏனென்றால் வருபவர்களுக்கு இல்லத்தைச் சுற்றிக் காட்டும் ட்ரிஷா கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் 'பயணத் துணைவர்' என்று இருந்தது. சுவரில் மூன்று விருதுகள். மூன்றையும் அந்த இல்லத்தை நடத்தும் நிறுவனமே அந்த இல்லத்துக்குக் கொடுத்திருந்தது.

"நோயாளின்னு நாங்க சொல்றதில்ல சார். விருந்தினர்."

"சரி. வாரத்துக்கு எத்தன விருந்தினர் சாவாங்க?"

"இங்க யாரும் சாகறதில்ல சார். பயணத்த நிறைவு பண்றாங்க."

"போனவங்க யாராவது திரும்பி வந்திருக்காங்களா?"

ட்ரிஷா சிரித்தார். நானும் என் நகைச்சுவையை மெச்சிக்கொண்டேன். அந்தக் கேள்வியை இனி யாரிடமும் கேட்க மாட்டேன்.

முதல் அறையைக் காட்டினார். அங்கிருந்த பெரியவருக்கு நகம் வெட்டியிருந்தது, உதட்டில் பளபளவென்று களிம்பு. கடைக்காரன் மேலே அடுக்கிய தக்காளி. மற்ற அறைகளைப் பார்க்கலாமா என்றேன். "அவங்க தனிமைய மதிக்கிறோம் சார்" என்று சொல்லி, வரவேற்பறை சோபாவில் என்னை உட்காரவைத்து, கையெழுத்துப் போட வேண்டிய தாள்களையும் ஒரு தங்க நிறப் பேனாவையும் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

4:20. என் மனைவி ரோண்டா போனில் வந்தாள்.

"போட்டுடுங்க. அப்பாவ வீட்ல வெச்சு என்னால பாக்க முடியாது. எனக்குப் பயமாருக்கு. அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்."

அவளும் நானும் எட்டு நாளாகத் தூங்கவில்லை. நகம் பார்த்தாகிவிட்டது, வாயும் பார்த்தாகிவிட்டது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு பேனாவின் மூடியைத் திறந்தேன்.

4:24.

டிங்.

நீண்ட நடைபாதை. ஒவ்வொரு கதவுக்கு மேலும் ஒரு சின்ன விளக்கு. உள்ளே படுத்திருப்பவர் பொத்தானை அழுத்தினால் மணி அடித்து, விளக்கு மஞ்சளாக எரியும். ஆறாம் அறை விளக்கு எரிந்தது. பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன். கூப்பிட்டால் வருகிறார்களா? ஆர்லோவின் கேள்விக்கு விடை தானாக வந்து வாய்த்திருக்கிறது.

4:26. டிங்.

மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பணியாளர் வந்தார். குழம்பின் மேல் தோல் கட்டியிருந்தது. யாரோ கடித்துத் துப்பிய இறைச்சித் துண்டு ஒன்று தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் ஆறாம் அறை விளக்கை நிமிர்ந்து பார்த்தார். வண்டியை எதிர்ச் சுவரோடு ஒட்டி, வேகமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

4:29. டிங்... டிங்...

யாரும் வரவில்லை.

4:31க்கு எழுந்தேன்.

ஆறாம் அறைக் கதவில் தாள் கட்டு ஒன்று தொங்கியது. மேலே இருந்தது அன்றைய தாள். குண்டு குண்டான எழுத்து, பச்சை மை. என் கண் கடைசி மூன்று வரிகளில் போய் நின்றது. மாலை 6:00, அமைதியாக ஓய்வெடுக்கிறார். இரவு 8:00, அமைதியாக ஓய்வெடுக்கிறார். இரவு 10:00, அமைதியாக ஓய்வெடுக்கிறார்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 4:32. இன்னும் வராத இரவில் உள்ளே படுத்திருப்பவர் ஓய்வெடுத்து முடித்துவிட்டார். கோபம் ஏறியது. கூடவே, வெட்கமில்லாமல் சொல்கிறேன், நல்ல கட்டுரை கிடைத்த சந்தோஷமும் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் மேல் வரிகளைப் படிக்காமல் விட்டேன்.

கதவைத் தள்ளினேன். திறந்தது.

குளிர். வெளியில் இருப்பதைவிடக் குளிர்.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. 'வணக்கம் ஹேஸல்! இன்று ஜனவரி 6.' பக்கத்தில் சிரிக்கும் சூரியன். பதினொரு நாளாகத் தேதியைக்கூட மாற்றவில்லையே, சோம்பேறிகள் என்று திட்டிக்கொண்டேன்.

நாற்றம். பூச்சாடியில் பத்து நாள் நின்ற தண்ணீரின் நாற்றம். அது மூக்கில் ஏறவில்லை, நாக்கில் இறங்கியது.

கட்டிலில் ஓர் அம்மாள். சின்ன உடம்பு. போர்வைக்கு மேல் கை. நகங்கள் வளைந்து, அடியில் பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. கண் திறந்திருந்தது. வாயும்.

அந்த வாய்...

நாக்கு வெயிலில் கிடந்த செருப்புத் தோல் மாதிரி சுருண்டிருந்தது. உதடு ஈறோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கோப்பையில் ஒரு பஞ்சுக் குச்சி. பஞ்சின் மேல் கறுப்பாகப் பூசணம் முளைத்திருந்தது.

இழுப்பறையில் புதுக் குச்சி ஒன்று இருந்தது. குழாயைத் திறந்தேன். துப்பியது, இருமியது, செம்பழுப்பாக வந்தது, பிறகு தெளிந்தது. என் சட்டைக் கை நனைந்தது.

பஞ்சை நனைத்து அவர் உதட்டில் வைத்தேன்.

கவ்விக்கொண்டார்.

கிச்... கிச்... கிச்...

மறுபடி நனைத்தேன். மறுபடி. ஆறு தடவை, ஏழு தடவை. தண்ணீர் உள்ளே போனது. தொண்டை அசையவில்லை.

என் விரல்கள் அவர் வாய்க்கு அரை அங்குலத்தில் இருந்தன.

மூச்சுக் காற்று படவில்லை.

"யாரு?"

உதடு அசையாமல் வந்தது குரல்.

"ஆர்லோவோட மருமகன்மா," என்றேன். வேறென்ன சொல்வது.

"மணி என்ன?"

பார்த்தேன்.

"நாலு நாப்பது."

"எழுதிடுங்க."

கதவுக்கு மேல் விளக்கு அணைந்தது. அணைந்த சத்தம் கேட்டது.

டிக்.

நான் ஓடவில்லை. அப்போது எனக்குப் பயமே இல்லை, ஆத்திரம்தான். நேராக ட்ரிஷாவின் மேசைக்குப் போனேன்.

"ஆறாம் நம்பர்ல அந்தம்மா வாயப் பாத்தீங்களா? நாய்க்குக்கூட ஒரு கிண்ணம் தண்ணி வெப்பாங்க. எத்தன தடவ மணி அடிச்சாங்க தெரியுமா?"

ட்ரிஷாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. முகம் மட்டும் வெளுத்தது.

"அது வயர் கோளாறு சார். எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லியிருக்கு. ஆறு... காலி சார்."

"வாங்க, காட்றேன்."

4:44. கதவைத் தள்ளினேன். பூட்டியிருந்தது. ட்ரிஷா சாவிக் கொத்தில் தேடினார். இரண்டு தடவை கீழே போட்டார்.

உள்ளே வெறும் கட்டில். மெத்தை மேல் பிளாஸ்டிக் உறை. கோப்பை இல்லை, குச்சி இல்லை. வெள்ளைப் பலகை மட்டும் அப்படியே இருந்தது. சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது.

குழாயைத் திருகினேன். காற்றுகூட வரவில்லை.

"அது போன வாரமே உறைஞ்சு வெடிச்சிடுச்சு சார். இந்தப் பக்கம் தண்ணிய நிறுத்திட்டாங்க."

என் சட்டைக் கையைத் தொட்டேன்.

ஈரம்.

"ஹேஸல் யாருங்க?"

ட்ரிஷா வெள்ளைப் பலகையை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "அவங்க செத்துட்டாங்க," என்றார். அந்தக் கட்டடத்தில் அந்தச் சொல்லை அவர் சொல்லி நான் கேட்டது அப்போதுதான். சொன்ன கையோடு, கதவில் தொங்கிய தாள் கட்டைச் சட்டென்று உருவி மார்போடு அணைத்துக்கொண்டார்.

4:58க்கு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போகிறோம் என்றேன். ரோண்டா அழுதாள், பிறகு சாப்பாட்டு மேசையை நகர்த்திக் கட்டிலுக்கு இடம் செய்தாள். பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒரு நர்ஸ் வந்து வலி மருந்து கொடுத்தார். பெர்னி எங்களுக்குப் பஞ்சுக் குச்சி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். கூப்பிட்டபோதெல்லாம் போனோம், கூப்பிடாதபோதும் போனோம். "போதும்டா மாப்ளே, முழுக்காட்டிடாத" என்பதுதான் ஆர்லோ என்னிடம் கடைசியாகச் சொன்னது. பிப்ரவரி இருபது, காலை 9:15க்குப் போனார். உதடு ஈரமாக இருந்தது.

நான் மாநில அரசுக்குப் புகார் எழுதியிருந்தேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதவில்லை. 'ஆறாம் அறை, ஜனவரி 17, தாளை முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கிறார்கள்' என்று மட்டும் எழுதினேன். மார்ச்சில் மிஸஸ் ட்ரெஸ்லர் என்ற அரசு ஆய்வாளர் என்னைத் தன் அலுவலகத்துக்கு அழைத்தார். சிரிக்கத் தெரியாத பெண்மணி. அவரை எனக்குப் பிடித்துப்போனது.

அவர் விசாரித்துச் சொன்னது இது: ஹேஸல் இறந்தது ஜனவரி ஆறாம் தேதி இரவு. அதற்கு முன் நாற்பத்தொரு தடவை மணி அடித்திருக்கிறார். கண்டுபிடித்தது எட்டாம் தேதி காலை. முப்பத்தொரு மணி நேரம் யாரும் அந்தக் கதவைத் திறக்கவில்லை, ஏனென்றால் தாள் ஒழுங்காக நிரம்பியிருந்தது. அடுத்தவர் பார்த்திருக்கிறார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். வேலையை விடப்போகிற ஒரு பணிப்பெண், ஐந்தாம் தேதி, ஒரே மூச்சில் உட்கார்ந்து மாதக் கடைசி வரை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவள் இப்போது ஃப்ளோரிடாவில்.

"ஒரு சந்தேகம் சார்," என்றார் ட்ரெஸ்லர். "இந்தத் தாள்ல நீங்க ஏதாவது எழுதினீங்களா?"

"தொடக்கூட இல்ல."

"அந்தப் பொண்ணு தன் கையெழுத்துதான்னு ஒத்துக்கிட்டா. அஞ்சாம் தேதி எழுதினதுன்னும் சொல்றா. இந்த ஒரு வரி மட்டும் ஞாபகமில்லையாம்."

இல்லத்திலிருந்து கைப்பற்றிய பதினேழாம் தேதித் தாளை என் பக்கம் திருப்பினார். எட்டாம் தேதிக்குப் பிறகு யாரும் தொடாத தாள் கட்டில், அந்தத் தாளை மேலே புரட்டி வைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை.

மாலை நான்கு மணி வரிக்கும் ஆறு மணி வரிக்கும் நடுவில் இன்னொரு வரி. இடுக்கில் நுழைத்தது அல்ல. அதற்கென்றே விட்ட இடத்தில், அதே பச்சை மையில், அதே குண்டு எழுத்தில்.

'மாலை 4:40. வாய் நனைக்கப்பட்டது. நனைத்தவர்: ஆர்லோவின் மருமகன்.'

"ஆர்லோ யாரு சார்?"

ஜனவரி ஐந்தாம் தேதி என் மாமனார், உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நோய் என்று அவருக்கே தெரியாது. அப்படி ஓர் இல்லம் இருப்பது எனக்குத் தெரியாது.

முந்நூற்றுச் சொச்சம் வரிகள். அத்தனையும் பொய்.

அந்த ஒன்றைத் தவிர.