கொதிநீரும் நான் எழுதிய விதியும்

நல்லெண்ணம் கொண்டவர்களுக்குத்தான் பிறரைக் குற்றம் சாட்டும் துணிவு அதிகமாக வருகிறதா? இந்தக் கேள்வியை என்னிடம் எழுப்பியது மயிலாப்பூர் வீட்டின் ஷவர். அதன் கீழே நின்றால் அரை நிமிடம் தோல் உரியும். அடுத்த அரை நிமிடம் பல் கிட்டும். சென்னையில் வெந்நீர் எதற்கு என்று, கடலுக்கு அப்பால் நம் ஊர் ஈப்போவில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். மார்கழிக் காலையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் ஒருமுறை குளித்துவிட்டுச் சிரியுங்கள்.

இங்கே பல வீடுகளில் இருப்பது தொட்டி வைத்த கீசர். பதினைந்து லிட்டரைக் கொதிக்கவைத்து ஐந்து லிட்டரில் குளித்து முடிப்பது மின்சாரத்துக்குச் செய்யும் அநீதி என்று எனக்குப் பட்டது. ஆகவே, நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் தொட்டியில்லாத ஹீட்டர் ஒன்றை ஈப்போவிலிருந்து பெட்டியில் சுமந்து வந்து பொருத்தினேன். ஈப்போவில் அதன் குமிழைத் திருப்பினால் வெந்நீர் வரும். அதற்குமேல் யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை. சென்னையிலோ தண்ணீரைப் பற்றி யோசிப்பதே என் வேலை. பள்ளிகளுக்குச் சென்று நீர்ச் சிக்கனம் குறித்து வகுப்பெடுக்கும் தொண்டு நிறுவனத்தில் பணிபுரிகிறேன். ஷவருக்குள் வைத்தால் நீர்வரத்தைப் பாதியாக்கும் பிளாஸ்டிக் வில்லைகளை அங்கே இலவசமாகக் கொடுப்போம். முதல் வில்லையை என் ஷவரிலேயே மாட்டியிருந்தேன்.

சூடும் குளிரும் மாறி மாறி வரத் தொடங்கியதும் முறைப்படி ஆராய்ந்தேன். ஒரு வாரம் குறிப்பெடுத்ததில், தினமும் காலை சரியாக ஆறேகால் மணிக்கு, மேல்வீட்டு ஜானகி மாமி வாளிகளையும் டிரம்மையும் நிரப்பும் ஓசை கேட்டது. அதே நேரத்தில் என் ஷவரும் தடுமாறியது. நான் குளித்ததே அந்த நேரத்தில் மட்டும்தான் என்பது என் குறிப்பேட்டில் இடம்பெறவில்லை. எந்நேரமும் குழாயில் தண்ணீர் வரும் கட்டடத்திலும் காலையில் எல்லாவற்றையும் நிரப்பிவைப்பது, பஞ்சகாலங்களைப் பார்த்த இந்நகரத்தின் வழக்கம். நான் அதைப் பொறுப்பின்மை என்று வகைப்படுத்தினேன். குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், பொதுவளமும் கூட்டுப்பொறுப்பும் பற்றி நான்கு பத்திகள் எழுதினேன். பதினோரு பேர் கைகூப்பினார்கள். மறுநாளே விதி வந்தது: காலை ஒன்பது மணிக்கு முன் வாளி நிரப்புவதும் துணி அலசுவதும் கூடாது.

மாமியை மாடிப்படியில் பார்த்தபோது, சிரமம் ஒன்றுமில்லையே என்று கேட்டேன்.

"நேக்கென்னடிம்மா சிரமம்? ராத்திரி நனைஞ்ச துணியோட அவர் ஒம்போது மணி வரைக்கும் காத்துண்டிருப்பர். எழுந்து ஓடவா போறார்?"

அவர் கணவர் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார் என்பதை, ஓராண்டு கீழ்வீட்டில் வாழ்ந்த நான் அன்றுதான் அறிந்தேன். அதைவிடக் கொடுமை, மறுநாள் காலை மேலே ஒரு சொட்டு ஓசை இல்லாதபோதும் என் ஷவர் பழையபடியே கொதித்தது.

குழாய் வேலை பார்க்கும் கபீர் பாயை அழைத்தேன். ஷவரைக் கழற்றி வில்லையை உள்ளங்கையில் தட்டி எடுத்தார்.

"இன்னா மேடம் இது?"

"தண்ணீரைச் சேமிக்க."

"நல்லா சேமிச்சீங்க. தண்ணி கம்மியா போனா மெஷினுக்குள்ள ரொம்ப சூடாவும், தானா ஆஃப் ஆயிடும். ஆறினா மறுபடி ஆன் ஆவும். அதான் மாத்தி மாத்தி வந்துகினு கீது."

"மேல்வீட்டில் தண்ணீர் பிடிப்பதால் இல்லையா?"

"மாமி வூட்டு பைப்பு வேற, உங்க பைப்பு வேற. டேங்க்லேர்ந்தே தனித்தனியா இறங்குது. அவங்க இன்னா பண்ணாங்க, பாவம்."

குழுவில் மன்னிப்பு எழுதினேன். மூன்று பேர்தான் அதைப் பார்த்தார்கள். விதியை நீக்கக் கூட்டம் கூட்ட வேண்டும் என்றார் செயலாளர். "நீங்க எழுதினதுதானேம்மா, எல்லாருக்கும் புடிச்சுப்போச்சே" என்று வருத்தப்பட்டார். கூட்டம் கூடும்வரை ஒன்பது நாட்கள், மேல்வீட்டில் அந்த மனிதர் காலை ஒன்பது மணிவரை ஈரத்தில் கிடந்தார். கூட்டத்தில் என்னை எதிர்த்துப் பேசிய தரைத்தள வீட்டுக்காரர், என் வாக்கியங்களையே ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். அவை நன்றாக எழுதப்பட்டிருந்தன. நான் உளவு பார்த்த விதத்தையும் குழாய்கள் தனித்தனி என்பதையும் எல்லோர் முன்னும் ஒப்புக்கொண்ட பிறகே விதி போயிற்று.

அன்று மாலை மாமியின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "பேசினது போறும். காத்தால வந்து அவரை ஒருக்களிச்சுப் பிடி, நான் தொடைச்சு விடறேன். தனியாப் புரட்ட முடியலை" என்றார்.

இப்போது தினமும் ஆறரைக்கு, ஈரத் தலையோடு மேலே போகிறேன். ஈப்போவில் அப்போது ஒன்பது மணி. சந்தையிலிருந்து திரும்பியதும் அம்மா அங்கிருந்து அழைக்கும் நேரம். கீழே கைபேசி அடிப்பது ஜன்னல் வழியே கேட்கும். என் இரு கைகளும் மாமியின் கணவரது தோளைத் தாங்கியிருக்கும். இனி இங்கே ஏழு மணி ஆன பிறகு அழைக்கச் சொல்லியிருக்கிறேன்.