காயாத உறை

என் தையல் கடைக்கும் உறைக்காரியின் பட்டறைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவள் இருமினால்கூட எனக்குக் கேட்கும். பழங்காலத்துப் படங்களைப் பார்த்து, கத்திக்கு உறை, இடுப்பில் மாட்டும் பை என்று தோலில் கையாலேயே செய்வாள். அதனால் தெருவே அவளுக்கு வைத்த பெயர் உறைக்காரி.

"இதையெல்லாம் எந்த ராஜாடி வந்து வாங்கப் போறான்?" என்று கேலி செய்வேன்.

"வந்தா சட்டைக்கு அளவெடுக்க உங்ககிட்ட அனுப்புறேன்க்கா" என்பாள்.

ராஜா என்ன, ஈ காக்காகூட வராது. ஆர்டர் எல்லாம் போனில், சரக்கெல்லாம் கூரியரில். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு முகம் பார்த்துப் பேச அவளுக்கு நான் ஒருத்திதான். நானும் வாயைத் திறந்தால் வசவுதான்.

அப்போதுதான் கப்பல்காரர் வந்தார். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செத்துப்போன அண்ணனின் கத்தியைக் கொண்டுவந்திருந்தார். சுலபத்தில் துருப்பிடிக்கும் பழைய ரகம். அலகில் அண்ணன் தன் கையாலேயே பெயரைப் பொறித்திருந்தார். பாய்மரக் கப்பல் ஓவியம் ஒன்றைக் காட்டி, அதில் மாலுமியின் இடுப்பில் தொங்கும் உறை மாதிரியே வேண்டும் என்றார்.

அந்த மாதிரி உறைக்குத் தோலை நனைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றிய கத்தியின் மேல் போர்த்தி, விரலால் அழுத்திவிட வேண்டும். காயக் காயத் தோல் கத்தியின் வடிவத்துக்கு வந்துவிடும். அப்புறம் தைத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது.

"காஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டே வருவார்.

"இன்னும் ஈரமா இருக்கே சார். உட்காருங்க."

உட்கார்ந்து புயல், துறைமுகம், கப்பல் சமையல்காரனோடு போட்ட சண்டை என்று கதை கதையாகச் சொல்வார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். இந்தச் சுவர் வழியாக அந்தச் சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. அவர் போனதும் மறுபடி சுத்தியல் சத்தம் மட்டும் வரும்.

ஒருநாள் நூலில் தேய்க்க மெழுகு கேட்கப் போனேன். கத்தியின் மேல் கட்டை மாதிரி காய்ந்து கிடந்த தோலை ஈர ஸ்பாஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு? காஞ்சதை எதுக்குடி நனைக்கிற?"

தலை நிமிராமல் சொன்னாள். "காஞ்சுட்டா தைச்சிடணும்க்கா. தைச்சிட்டா எடுத்துக்கிட்டுப் போயிடுவார்."

கேட்க வந்த மெழுகைக்கூடக் கேட்காமல் திரும்பிவிட்டேன்.

அடுத்த தடவை வந்தவர் உட்காரவில்லை. "இன்னைக்கு அண்ணன் ஞாபகமாவே இருக்கும்மா. கத்தியைக் கொஞ்சம் பிரிச்சுக் காட்டேன்" என்றார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது. தையலை அப்படியே போட்டுவிட்டு அவள் வாசலுக்குப் போனேன்.

அவள் பிரித்தாள். பிளாஸ்டிக் தாள் ஓரத்தில் கிழிந்திருந்தது. நனைத்த தண்ணீர் எல்லாம் உள்ளே இறங்கி, தோலும் கறுத்து, அலகும் கறுத்து, துரு அரித்திருந்தது. அண்ணன் பெயரில் பாதி எழுத்தைக் காணோம்.

அவர் கட்டை விரலால் அந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். "எப்படிம்மா?"

மழைக்காலம், தோல் சரியில்லை என்று எதையாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா? அவளுக்குப் பொய் வராது.

"நான்தான் சார் திரும்பத் திரும்ப நனைச்சேன். காஞ்சுட்டா நீங்க வரமாட்டீங்களேன்னு."

அவர் கத்தியைக் கைக்குட்டையில் சுற்றினார்.

"சொல்லியிருந்தா சும்மாவே வந்திருப்பேனேம்மா" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது எனக்கு. படியிறங்கி நடந்தார்.

"மரம் மாதிரி நிக்காதடி. போய்க் கூப்பிடு!"

"என்னக்கா சொல்லிக் கூப்பிடறது?"

"சும்மா வாங்கன்னு கூப்பிடு!"

வாசல் வரைக்கும் வந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் தெருமுனையை எட்டிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "சார்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அவர் சட்டென்று நின்று திரும்பினார். முதலில் அவளைத்தான் பார்த்தார். கத்தியது நான் என்று தெரிந்ததும், லேசாகத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.