பக்கத்து வீட்டுக்கு வந்த முனியாண்டி

பிள்ளைகளே, இந்தச் சிலிபின் ஊரில் நம் பக்கத்து வீட்டில் முன்பு குடியிருந்த லாரிக்காரரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் மேல் எனக்கு இருந்த பொறாமை இன்னும் முழுதாகப் போகவில்லை.

ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் அங்கே குடியிருந்த நாங்கள் இருவரும் இந்த வரிசை வீடுகளுக்கு வந்தோம். நான் வாசலுக்குச் சிமெண்டு பூசி, இரும்புக் கேட் போட்டேன். அவரோ தன் வாசல் சிமெண்டைக் கடப்பாரையால் உடைத்து, தோட்டத்து முனியாண்டி கோயிலிலிருந்து எடுத்துவந்த பிடிமண்ணைப் போட்டு, சாமியாக ஒரு கல்லை நட்டார். கைலி கட்டிய குள்ளமான மனிதர். லாரியை எடுக்குமுன் தினமும் இரண்டு சுருட்டு பற்ற வைப்பார். ஒன்று சாமிக்கு, ஒன்று தனக்கு.

ஆடி மாதம் பூசைக்கு வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும் அவர் வாசலில் நின்றார்கள். எதிர்வீட்டுச் சீனத்து அம்மாகூட ஆரஞ்சுப் பழம் வைத்தார். உங்கள் அம்மாவும் பொங்கல் பானையை அங்கேதான் தூக்கிப்போனாள். என் வாசலை ஒருவரும் மிதிக்கவில்லை.

“அண்ணே, சாமி தோட்டத்துக்கே பொதுலா. உங்க வீட்டுல வச்சிக்கிட்டா எப்படி?” என்று கேட்டேன்.

“நீயும் ஒரு பிடி அள்ளிக்க தம்பி. முனியாண்டி என்ன கொறஞ்சா போவாரு?” என்று சிரித்தார். “சிமெண்ட ஒடைக்கணும்லா. மனசு வருமா ஒனக்கு?”

“எனக்கு வேணாம்ணே” என்று வந்துவிட்டேன்.

ஊரையே தன் வாசலுக்கு வரவைத்த மனிதர், அந்தச் சாமியை எனக்கும் பங்கு வைக்க எப்படித் துணிந்தார் என்பது இன்றும் புரியவில்லை.

மறுநாள் அவர் லூமுட் துறைமுகத்துக்குச் சுமை ஏற்றிப் போயிருந்தார். உங்கள் அம்மா மார்க்கெட்டுக்குப் போன நேரம், அவர் வாசல் கல்லடியில் ஒரு பிடி மண் அள்ளி வந்தேன். சிமெண்டை உடைக்க மனம் வரவில்லை. என் வாசலில் இருந்த பூச்செடிச் சட்டியில் போட்டு, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன்.