பிள்ளையார் சுழிக்கு இடம் கொடுத்த மென்பொருள்

இதை எழுதலாமா என்று பல வருஷமாகத் தயங்கினேன். முருகன் எங்கள் குடும்பத்துக்குச் செய்ததையெல்லாம் புத்தகமாகப் போட ஆசை. கம்ப்யூட்டர் என்றால்தான் பயம். வடக்கே மயூர் விஹாரிலேயே பிறந்து, இந்தியில் படித்து வளர்ந்த மகள் ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாள். வழக்கம்போல் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கினேன். அதுவோ முதல் வரியையே தலைப்பாக எடுத்துக்கொண்டது. அட்டை முழுக்க ‘உ’.

தமிழ் படிக்கத் தெரியாத மகள், அதை இந்தி எண் இரண்டு என்று நினைத்துக் கேட்டாள்: “பார்ட் டூவாம்மா? பார்ட் ஒன் எங்கே?”

“அடியே, அது பிள்ளையார்டி!”

“அச்சா, டிலீட் பண்ணிடட்டுமா?”

“பிள்ளையாரையா?” கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

தலைப்பைத் தனியாகக் கேட்கும் வேறொரு மென்பொருளுக்கு மாறினோம். இப்போது முருகன் அட்டையில், அண்ணன் முதல் பக்கத்தில், இருவரும் சௌக்கியம். இந்தப் புத்தகத்தைப் பிறருக்கு அனுப்புகிறவர்கள் ஓர் எழுத்தையும் மாற்றாமல் அனுப்புங்கள். பிள்ளையாரை மட்டும் இரண்டாம் பாகமாக்கிவிடாதீர்கள்.