டாக்டரிடம் ஷிப்ட் ஒப்படைத்தேன்

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி ஆலையில் நான் ஃபர்னஸ் ஆபரேட்டர். ஷிப்ட் முடிந்து கிளம்புமுன் அடுத்து வருகிறவனிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட வேண்டும். மோட்டார் லேசாக முனகியது, ஒருதரம் கரும்புகை வந்தது, பூனை குறுக்கே போனது வரைக்கும். எது முக்கியம் என்று அவன் முடிவு பண்ணிக்கொள்வான்.

போன கோடையில் ஜுரமும் வாந்தியுமாக என் மகளைச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது என் ஒரு காலில் செருப்பு, மறுகாலில் ஆலை பூட்ஸ். ஒன்பது வயதுப் பிள்ளை, கழுத்து விறைத்துப்போய்க் கிடந்தாள். டாக்டரம்மா கேட்டது, "எப்பலேர்ந்து ஜுரம்?" அவ்வளவுதான். நான் பயத்தில் ஷிப்ட் ஒப்படைக்க ஆரம்பித்துவிட்டேன். தின்ற பரோட்டா, அறுந்த கொலுசு, ஏரியில் குட்டிக்கரணம் அடித்தது, மூக்கில் தண்ணீர் ஏறி எரியுது என்று அழுதது, அவள் மாமன் வாங்கித்தந்த ஐஸ்.

மனைவி என் இடுப்பில் கிள்ளினாள். "யோவ், இன்னாத்துக்கு ஐஸ் கதையெல்லாம் சொல்லிக்கினு கீற?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இரும்மா. ஏரியிலயா? மூக்குல தண்ணி ஏறிச்சா? எப்ப?"

"போன ஞாயித்துக்கெழம மேடம். அந்த ஐஸு..."

"ஐஸ விடுங்க."

முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். மைக்ராஸ்கோப்பில் ஏதோ நகர்ந்ததாம். அமீபா. எப்படி வரைந்தாலும் சரியாக வருகிற ஒரே படம் என்பதால் பள்ளியில் நான் முழு மார்க் வாங்கியது அதற்குத்தான். அது மூக்கு வழியாக மூளைக்குப் போகும் என்று வாத்தியார் சொல்லித்தரவில்லை.

"பொழைக்கிறது ரொம்ப அபூர்வம். சீக்கிரம் தெரிஞ்சிடுச்சி, பாப்போம்" என்றார் டாக்டர். பல மருந்துகளைச் சேர்த்து ஏற்றினார்கள். ஒரு மாத்திரை வேறு ஏதோ நோய்க்கானதாம், வெளியூரிலிருந்து வரவழைத்தார்கள். ஐ.சி.யூ வாசலில் தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லோருக்கும் நான் மொட்டை நேர்ந்துகொண்டேன். உன் தலையில் அவ்வளவு முடி ஏது என்று மனைவி கேட்டாள். கேட்டுவிட்டு என் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

பிழைத்துவிட்டாள். வலதுகால் கொஞ்சம் இழுக்கிறது. பேச்சு வந்தது, பழைய ஞாபகம் பாதிகூட வரவில்லை. அம்மாவைத் தெரிகிறது. கட்டிலருகே வந்து நிற்கிற ஆம்பளைகளை எல்லாம் ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் சார் என்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், தண்ணி."

முதல் தரம் சிரித்துவிட்டேன். ஆலையில் இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. டம்ளரை நீட்டினேன். குடித்து முடித்து, வெளியாட்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாங்கள் வளர்த்த மாதிரியே, "தேங்க்ஸ் சார்" என்றாள்.