மூக்கையா விடும் ஓட்டை

பாலத் தூணின் இடுப்பில் ஒரு முழ அகலத்துக்குச் செங்கல் வைக்காமல் விட்டுவிட்டு, மூக்கையா கொத்தனார் மேல் வரிசைக்குப் போய்விட்டார். சாந்துச் சட்டியோடு வந்த முத்துப்பேச்சி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, ஓட்டை விட்டுட்டீக."

"ஓட்டை இல்ல தாயி, அறை. வெடி வைக்கிற அறை."

மூக்கையா எந்தப் பாலத்தைக் கட்டினாலும், அதை உடைப்பதற்கும் அவரே வசதி செய்து வைத்துவிடுவார். ஐந்தாண்டுத் திட்டத்தின் புண்ணியத்தில் திண்டுக்கல் வட்டாரத்தில் இப்போது ஓடைக்கு ஓடை பாலம் எழும்புகிறது. அவற்றில் பதினொன்றுக்கு இவர்தான் கொத்தனார், பதினொன்றிலும் ஓட்டை. காந்திகிராமம் போகிற வழியில் ஒன்றில் மைனா குஞ்சு பொரித்திருக்கிறது. இன்னொன்றில் யாரோ சாராயப் பாட்டிலை ஒளித்து வைக்க, மதுவிலக்குப் போலீஸ் மூக்கையாவை அரை நாள் உட்கார வைத்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். மூன்றாவதில் ஊர்க்காரர்கள் பிள்ளையாரை வைத்து விளக்கேற்றி, இடம் விட்ட புண்ணியவான் என்று அவருக்கே சுண்டல் கொண்டுவந்தபோதுதான் கொதித்துப்போனார். "சாமிய வச்சுப்புட்டா நாளைக்கு எவன்யா அதுல வெடி வைப்பான்?" என்று கத்தினார். சுண்டலை மட்டும் வாங்கிக்கொண்டார்.

சண்டைக் காலத்தில் பாலம் போடவும் உடைக்கவும் இருந்த சாப்பர் பட்டாளத்தில் இருந்தவர். பர்மாவில் ஜப்பான்காரன் விரட்ட விரட்ட, பின்வாங்கிய படைக்குப் பின்னால் பாலங்களை உடைத்துக்கொண்டே வந்ததுதான் நாற்பத்திரண்டில் அவருடைய வேலை. அந்தக் கண் இன்னும் மாறவில்லை. பிரியாணிக் கடை அப்பாஸ் புதுக் கட்டடம் கட்டி, ஆசையாகக் கூப்பிட்டுக் காட்டினார். மூக்கையா முன்தூணைத் தட்டிப் பார்த்து, "அஞ்சு ராத்தல் வெடிமருந்து போதும் பாய்" என்று மனதாரப் பாராட்டினார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்தக் கடையில் அவர் இலையில் வெறும் எலும்புதான் விழுந்தது.

ஓட்டைக்குக் காரணம் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்.

"அது ஒரு கல்லுப் பாலம். என்னத்தக் கொழைச்சுக் கட்டுனானோ, வெடி வைக்கக் குழி தோண்டவே ஏழு மணி நேரமாச்சு. 'எல்லாரும் வந்தாச்சு, கொளுத்து'ன்னாரு மேஜரு. அக்கரைய எட்டிப் பாக்க நேரமில்ல. கொளுத்திட்டேன். பொகை அடங்குனா, அங்கிட்டு ஒரு பொம்பள இடுப்புல கொடத்தோட நிக்கிறா. 'எடுபட்ட பயலே, நான் எங்கிட்டு வழியாடா வருவேன்?'னு நம்ம ஊருத் தமிழ்ல வையிறா!"

கதையில் இந்த இடம்வரை கேட்பவர்களும் சிரிப்பார்கள். "அப்புறம் எப்படி வந்தா?" என்று யாராவது கேட்டுவிட்டால், மூக்கையா சாந்து பூசும் கரணையைக் கழுவப் போய்விடுவார். அறை மட்டும் முன்பே இருந்திருந்தால் அக்கரையைப் பார்க்க நேரம் கிடைத்திருக்கும் என்பது அவர் எண்ணம். பதினாறு வருஷமாக அது ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

செம்பட்டிக்கு அப்பால் இந்த ஓடைப் பாலத்தில்தான் வினை வந்தது. சித்திரையில்தான் மகள் சண்முகவள்ளியை அக்கரை ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார். அதனால் இந்தப் பாலத்தில் அவருக்குத் தனிப் பிரியம். அறையையும் பெரிதாகவே விட்டிருந்தார். பார்க்க வந்த ஓவர்சியர் ஞானதாஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ், வியாழக்கிழமை பெரிய இன்ஜினியர் வாரார். இத அடைக்கலேன்னா இனிமே உனக்குப் பால வேலையே கெடையாது. எதிரி எங்கேருந்துய்யா வரப்போறான், செம்பட்டியிலருந்தா?"

"பர்மாவுலயும் இப்படித்தான் சார் கேட்டாக."

"சரி, வாரான்னே வச்சுக்க. எந்தப் பக்கமிருந்து வருவான்?"

"தெக்க, அந்த மலைப் பக்கமிருந்து." மூக்கையா கரணையால் காட்டினார்.

"அங்கிட்டுத்தானய்யா உன் மக இருக்கா!"

காட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. மூக்கையா தாம் விட்ட ஓட்டைக்குள் ஒரு தடவை பார்த்தார். ஜப்பான்காரன் குண்டு போட்டபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

"பேச்சி, செங்கல நனையப் போடு தாயி" என்றார்.

கடைசிச் செங்கலைச் சொருகிப் பூசி முடித்த நேரம், வேலையாட்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்த சண்முகவள்ளி, இடுப்பில் குடத்தோடு அக்கரையில் சாரப் பலகை மீது ஏறினாள். மூக்கையா கரணையைக் கீழே போட்டுவிட்டுப் புருவத்துக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். அவள் ஓடையைத் தாண்டி இந்தப் பக்கத்துத் தரையில் கால் வைக்கும்வரை அந்தக் கையை இறக்கவில்லை.